அலமாரிக்குள் துருவேந்தன்

படுக்கையறையிலிருந்து அந்தச் சிரிப்பு கிளம்பியபோது, வாசலில் நின்ற ஒலிப்பதிவாளர் தையல்காரரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டிருந்தார்.

இரும்புச் சங்கிலியைத் தரையில் இழுப்பது போலத் தொடங்கி, தொண்டையின் அடியில் உருண்டு, உலகமே தன் காலடியில் கிடப்பதாக நம்பும் ஒருவனின் நிதானத்தோடு ஓய்ந்தது அது. ஒரு நிமிடமாக, "உங்க குரலைக் கேட்டு வளர்ந்தவன் சார் நான்" என்று உருகிக்கொண்டிருந்த ஒலிப்பதிவாளர், பிடித்த கைகளை மெல்ல விட்டார்.

"அப்போ, நீங்க இல்லையா சார்?"

"நான் அவங்க வீட்டுக்காரர்," என்றார் தையல்காரர், ஊசி நுழைவது போன்ற மெல்லிய குரலில். "துருவேந்தன் உள்ளே அலமாரியில இருக்காங்க. வாங்க, கூப்பிடறேன்."

மீசையில் நரை தட்டிய அந்த மனிதர், தோளில் மைக் பெட்டியோடு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல வாய் பிளந்து நின்றார். இப்படி நின்றவர்களைத் தையல்காரர் முன்பும் பார்த்திருக்கிறார். துருவேந்தனைத் தெரியாதவர்கள் குறைவு; துருவேந்தன் ஒரு பெண் என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

வாரப் படக்கதையில் பிறந்த வில்லன் அவன். இரும்பு முகமூடி, கறுப்புப் போர்வை. கை பட்டதெல்லாம் துருப்பிடித்து உதிரும். புத்தகத்தில் அவனுக்குக் குரல் கிடையாது. கோணல்மாணலான பெரிய எழுத்துக்கள்தான். வானொலிக்காரர்கள் அவனை நாடகமாக்கப் புறப்பட்டபோதுதான் குரலுக்கு ஆள் தேட வேண்டி வந்தது.

அப்போது தையல்காரரின் மனைவிக்குத் தொலைபேசி நிலையத்தில் வேலை. கடவுள் அவளுக்குக் கொடுத்த குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும். போனில் பேசுகிறவர்கள் எல்லோரும் "சார்" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் தகர டப்பா என்ற பட்டப்பெயர் வேறு. பாடச் சொன்ன நாளில் வகுப்பே சிரித்ததாம். அன்றோடு அவள் நாலு பேர் நடுவில் வாய் திறப்பதை விட்டாள். வானொலித் தயாரிப்பாளர் ஒரு நாள் ஏதோ எண்ணைக் கேட்டார். "அப்படி ஒரு எண் இல்லை," என்றாள் இவள். மனிதர் பயந்துபோய் இணைப்பைத் துண்டித்தார். இரண்டாவது முறை கூப்பிட்டும் அதே பதில். மூன்றாவது முறை நேரிலேயே வந்துவிட்டார்.

வானொலியில் படம் கிடையாது. முகமூடியையும் குரல்தான் காட்ட வேண்டும். பிஸ்கட் டின்னை வாய்க்கெதிரே பிடித்துக்கொண்டு பேசினாள். நாடகம் முடிந்து பெயர்கள் வாசிக்கும்போது மற்றவர்களுக்கெல்லாம் பெயர் சொல்வார்கள். இவள் முறை வந்தால், "துருவேந்தனாக, துருவேந்தன்" என்பதோடு சரி. அப்படியே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டவளும் அவள்தான்.

பிறகு தொலைக்காட்சியில் கார்ட்டூன் வந்தது. அதில் துருவேந்தனின் வாய்க்கு மூன்றே அசைவுகள். நீளமாகப் பேசினால் வாய் மூடிய பிறகும் குரல் வரும். ஆகவே அவன் சுருக்கமாகப் பேசும் வில்லனானான். "சரி. சாகட்டும்," என்பான்; பிள்ளைகள் போர்வைக்குள் புகுந்துகொள்வார்கள். பிறகு கணினி விளையாட்டு. அதற்கு ஒரு முழு நாள் விதவிதமாகச் சாக வேண்டியிருந்தது. கல் பட்டு, மலையிலிருந்து விழுந்து, தண்ணீரில் மூழ்கி.

"இன்னைக்கு எத்தனை தடவை செத்தே?" என்று வெந்நீரில் தேன் கலக்கிக்கொண்டே கேட்டார் தையல்காரர்.

"அறுபத்தி நாலு. கடைசி பத்துல நிஜமாவே பாதி உயிர் போயிடுச்சுங்க."

வயிற்றை அழுத்தினால் மூன்று வாக்கியம் பேசும் பொம்மையும் வந்தது. பேட்டரி தீரும் நேரத்தில் அந்தத் துருவேந்தன் தூக்கக் கலக்கத்தில் உலகத்தை மிரட்டுவான்.

இத்தனையையும் பெரும்பாலும் வீட்டு அலமாரிக்குள்ளேதான் பதிந்தார்கள். தைத்து முடித்த கம்பளிக் கோட்டுகள் நெருக்கமாகத் தொங்கும் அலமாரியில் எதிரொலி எழாது என்று கண்டுபிடித்தவர் தையல்காரர். அதனால் பதிவு நாள் நெருங்கினால் அவர் யாருக்கும் கோட்டு கொடுக்க மாட்டார். "பட்டன் வரலை," "லைனிங் பத்தலை" என்று ஏதாவது சாக்கு. சொன்ன தேதிக்குத் தராத மனுஷன் என்று தெருவில் அவருக்குப் பெயர். ஒரு மாப்பிள்ளை கோட்டில்லாமலே கல்யாணம் செய்துகொண்டார். தையல்காரர் அந்தப் பழியை முகம் கோணாமல் சுமந்தார்.

இன்றும் அலமாரியில் பதினோரு கோட்டுகள். அவற்றை விலக்கிக்கொண்டு, தலையில் நூல்பிசிறோடு, கண்ணாடி போட்ட குள்ளமான ஒரு பெண்மணி வெளியே வந்தாள்.

"வாங்க தம்பி. டீ குடிக்கறீங்களா?" என்றது துருவேந்தனின் குரல்.

ஒலிப்பதிவாளர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். டீயைக் குடித்து முடித்த பிறகுதான் வந்த விஷயத்தைச் சொல்ல அவருக்கு நாக்கு எழுந்தது.

"இப்ப வர்ற சினிமாவுல பெரிய நடிகர் துருவேந்தனா நடிக்கறார், அக்கா. முகமூடி கிடையாது. குரல் மட்டும் வேற ஆளோடது. டைரக்டருக்கு இந்த ஒரு வசனம் மட்டும் கேட்கணுமாம். பிடிச்சா படம் உங்களுக்கு. பிடிக்கலைன்னா புதுக் குரல். அப்புறம் கார்ட்டூன், கேம் எல்லாத்துக்கும் அந்தக் குரலேதான்னு கம்பெனியில சொல்லிட்டாங்க."

துருவேந்தனாகப் பேசிய முப்பத்தொரு வருடமும் ஒரே நொடியில் தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்தது. அவர் நீட்டிய காகிதத்தை அவள் வாங்கினாள். அதில் ஒரே வரி. பூட்டிய கதவுக்கு உள்ளே இருக்கும் தன் மகளிடம் துருவேந்தன் சொல்கிறான்: கதவைத் திறக்காதேம்மா. நான் தொட மாட்டேன். இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

"சண்டை இல்லையா? மிரட்டல் இல்லையா?"

"இந்தப் படத்துல அவன் அழறான், அக்கா."

அவள் அலமாரிக்குள் போனாள். ஒலிப்பதிவாளர் மைக்கை உள்ளே வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "முதல்ல லெவல், குரல் எவ்வளவு சத்தமா விழுதுன்னு பார்க்கணும். சும்மா அந்த வரியையே படிங்க," என்றார். தொண்டையை மிச்சம் பிடிக்க நினைத்தவள், டின்னும் இல்லாமல் நடிப்பும் இல்லாமல் தன் குரலில் மெதுவாகப் படித்தாள். கூடத்தில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த தையல்காரரின் ஊசி அப்படியே நின்றது.

பிறகுதான் உண்மையான பதிவு ஆரம்பமானது. ஆறு முறை பேசினாள். ஆறு முறையும் கதவு தானாகவே பயந்து திறந்துகொள்ளும் போலிருந்தது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க," என்று ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்தார். "அப்பா பேசற மாதிரி இல்லை. வீட்டை ஜப்தி பண்ண வந்தவர் பேசற மாதிரி இருக்கு."

கோட்டுகளுக்கு நடுவிலிருந்து, "எனக்கு மிரட்டத்தான் தெரியும் தம்பி. வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லுங்க," என்றாள். அறுபத்து நான்கு முறை செத்தபோதும் உடையாத குரல் அந்தக் கடைசிச் சொல்லில் லேசாக உடைந்தது.

தையல்காரர் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தார். "தம்பி, லெவலுக்குப் படிச்சாங்களே, அதை அழிச்சிட்டீங்களா?"

"இல்லை சார், இருக்கு."

"அதைப் போடுங்க."

போட்டார். மூவரும் ஸ்பீக்கரில் கேட்டார்கள். அது முடிந்ததும் ஒலிப்பதிவாளர் கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அது நடிப்பே இல்லைங்க," என்று அலமாரிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள் அவள். "அது நான்."

"நம்ம பொண்ணு பதினாலு வயசுல ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாளே, ஞாபகம் இருக்கா?" என்றார் தையல்காரர். "உங்கம்மா ஆம்பளையான்னு ஸ்கூல்ல கேட்டுட்டாங்கன்னு. நீ வாசல்ல உட்கார்ந்து ராத்திரி வரைக்கும் பேசினே. இதே குரல்தான். நான் இந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

"அதனாலதான் சொல்றேன். அந்தக் குரலைக் கேட்டுத்தான் எல்லாரும் சிரிச்சாங்க. முகமூடிக்குள்ள இருந்து மிரட்டினா யாரும் சிரிக்கலை. இப்ப முகமூடி இல்லாம வெளியில விடச் சொல்றீங்களா?"

"அன்னைக்குக் கதவு திறந்துச்சா இல்லையா?"

அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்க வேண்டியது கண்ணாடி இல்லை என்பது அங்கிருந்த இரண்டு ஆண்களுக்கும் தெரியும். ஒருவர் கூரையைப் பார்த்தார்; மற்றவர் வயரைச் சுற்றினார்.

"திறந்துச்சு," என்றாள் கடைசியில். "திறந்ததும் பசிக்குதுன்னா, கழுதை." பிறகு ஒலிப்பதிவாளரைப் பார்த்து, "அதையே அனுப்புங்க. நான் ஒண்ணும் செத்துட மாட்டேன். செத்தாலும் பழக்கம்தான்."

போனில் அனுப்பினார்கள். பத்து நிமிடம் யாரும் உட்காரவில்லை. ஒலிப்பதிவாளரின் போன் அடித்தது. அவர் "சரி சார், சரி சார்" என்று ஆறேழு முறை சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது மீசைக்குக் கீழே சிரிப்பு நெளிந்தது.

"மூணு தடவை கேட்டாராம். அடுத்த வாரம் ஸ்டூடியோவுக்கு வரணும். இதே மாதிரி, லெவலுக்குப் படிக்கற மாதிரியே படிக்கணுமாம். நடிக்கவே கூடாதாம்."

"இதைச் சொல்ல முப்பத்தொரு வருஷமா?" என்றாள் அவள். தையல்காரர் நாற்காலியில் சரிந்து, சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

ஒலிப்பதிவாளர் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அவள் பின்னாலேயே போனாள்.

"தம்பி, படம் முடிஞ்சதும் பேர் போடுவாங்க இல்ல?"

"போடுவாங்க அக்கா. வழக்கம் போல துருவேந்தன்னே போடச் சொல்லிடட்டுமா?"

"வேண்டாம். எழுதிக்குங்க."

எதிர்வீட்டுக்காரி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பொருட்படுத்தாமல், குரலைத் தணிக்காமல், அவள் தன் முழுப் பெயரையும் சொன்னாள். ஒலிப்பதிவாளர் ஒரு சீட்டில் எழுதி, சரியா என்று ஒரு முறை வாசித்துக் காட்டினார். அவள் தலையசைத்தாள். அவர் படியிறங்கித் தெருத் திருப்பத்தில் மறையும் வரை நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.