தனுஷ்கோடியில் வற்றிய தண்ணீர்

என் வீட்டுக்காரருக்குத் தண்ணீரைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. நரிக்குடிப் பக்கம் கண்மாய்க்கரையில் பிறந்தவர். கண்மாயில் தண்ணீர் இறங்கிவிட்டால் அடுத்த மழைக்குத்தான் திரும்பி வரும். வற்றிய இடத்தில் மாடு கட்டலாம், வெள்ளரி போடலாம், பிள்ளையை விளையாட விடலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஈஸ்டர் முடிந்த கையோடு, அருப்புக்கோட்டையிலிருந்து எங்கள் சர்ச் பங்கு மக்கள் எல்லாரும் வேன் பிடித்துத் தனுஷ்கோடிக்குப் போனோம். தார் ரோடு முடிந்த பிறகு மணலில் ஜீப். புயலில் இடிந்த மாதா கோயிலுக்குள், கூரையில்லாத வெயிலில் நின்று ஜெபமாலை சொன்னோம்.

அப்புறம் அவர் எங்கள் ஐந்து வயது மகளைச் சிப்பி பொறுக்கக் கூட்டிப்போனார். கரைக்கு எதிரே ஒரு மணல்திட்டு. நடுவில் ஓடை மாதிரிப் பள்ளம், ஈரமணல் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டுத் தூக்கை எடுக்க அவர் மட்டும் திரும்பி வந்தார்.

"பிள்ளையத் தனியாவா விட்டுட்டு வந்தீக?"

"ஓடை வத்திக் கெடக்கு. திட்டு மேல நகராம நில்லுன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். நீ ஏன் கெடந்து அலறுற?"

தூக்கோடு நாங்கள் கரைக்குப் போனபோது கடல் ஏறி, பள்ளம் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. வற்றிய தண்ணீர் அதே மத்தியானம் திரும்பி வரும் என்று எங்கள் ஊரில் யார் கண்டார்கள்?

அவர் இறங்கினார். காலடி மணல் சரிந்து, தண்ணீர் அவரைக் கரைக்கே தள்ளியது. மறுபடி இறங்கினார். திட்டு சுருங்கிக்கொண்டே வந்தது. அதன் மேல் சிவப்புப் பாவாடை அசையாமல் நின்றது. கூப்பிட்டால் ஓடி வந்து பள்ளத்தில் விழுவாளோ என்று கூப்பிடவும் பயம். இடிந்த கோயிலைப் பார்த்துக் கத்தினேன்: "மாதாவே, எம்பிள்ளையக் குடுக்காட்டி ஒங்கோயிலு இப்படியே இடிஞ்சு கெடக்கட்டும்!" ஜெபமாலை சொன்ன அதே வாய்தான்.

அவர் சுற்றிப் போய், கழுத்தளவுத் தண்ணீரில் தட்டுத்தடுமாறி ஏறினார். அவளைத் தோளில் தூக்கும்போது தண்ணீர் அவள் முழங்காலுக்கு வந்திருந்தது.

கரையில் இறக்கியதும் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். "தண்ணி வர்றதப் பாத்துக் கத்த வேண்டியதுதானடி?"

அவள் அழவில்லை. இறக்கிவிட்ட இடத்திலேயே நின்றபடி, மணலில் சுருண்டு கிடந்த அவரைப் பார்த்துக் கேட்டாள்:

"இப்ப நகரலாமாப்பா?"