பச்சை மண்

யுத்தம் முடிந்து, கூடாரம் தைக்கிற டிப்போவை இழுத்து மூடியபோது பெர்னதெத்துக்கு முப்பத்தெட்டு வயது. புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். எட்டு வருஷம் முரட்டுக் கித்தானோடு மல்லுக்கட்டிய கைகள், ஸ்ரீராம்புரத்திலிருந்து கண்டோன்மெண்ட் வரை நடந்து நாலு வீட்டுப் பாத்திரம் தேய்க்கப் போயின. அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. ஆனால் தெருவில் எங்காவது கித்தான் தொங்கினால், நின்று அதன் தையலைத் தொட்டுப் பார்க்காமல் நகரமாட்டாள்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் மாதா கோவிலுக்கு ஆளுயர மாதா படம் ஒன்று வேண்டும் என்று பங்குச் சாமியார் ஆசைப்பட்டார். வரைய ஒப்புக்கொண்டவர் ஜெயராஜ், பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். சாமியார் எங்கிருந்தோ ஒரு பழைய கூடாரத் துணியைத் தேடிப்பிடித்துக் கொடுத்தார். அதை ஒட்டுத் தெரியாமல் தைக்க ஊரில் ஒருத்திதான் உண்டு என்று பெர்னதெத்தையும் அனுப்பிவைத்தார்.

தைத்தாள். சட்டத்தில் இழுத்து ஆணி அடித்தாள். வஜ்ஜிரப் பசையை ஊறவைத்து, காய்ச்சி, மேலே பூசினாள். அது காய்ந்ததும் சீமைச்சுண்ணாம்பை இரண்டு தடவை பூசி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து முட்டை ஓடு மாதிரி ஆக்கினாள். மாஸ்டர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “படம் நல்லா வந்திச்சின்னா உங்களை என்கூடவே வேலைக்கு வெச்சுக்கறேன்மா” என்றார். அன்றைக்கு அவள் வீட்டுக்கு நடந்து போனதாகவே ஞாபகம் இல்லையாம்.

அதோடு மாஸ்டர் மைசூருக்குக் கிளம்பினார். ஒரு கால் வாசலில், ஒரு கால் ஜட்காவில். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்: “வெள்ளை மேலேயே வரைஞ்சா கண்ணு கூசும். பச்சை மண்ணு மெலிசா பூசி வெச்சிடுங்க!”

மாஸ்டர் சொன்னது பச்சை நிறத்து மண்பொடி. சீமையிலிருந்து வருவது, அதன் மேல் முகம் வரைந்தால் தோலுக்கு உயிர் வரும் என்று எந்தப் புத்தகத்திலோ படித்திருந்தார். பொட்டலம் அலமாரியில் இருந்தது. அதைச் சொல்ல மறந்துவிட்டார். பெர்னதெத்துக்குத் தெரிந்த பச்சை மண் ஒன்றுதான்: நெருப்பைப் பார்க்காத, சுடாத மண். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ஆதாமையே ஆண்டவர் பச்சை மண்ணில்தானே செய்தார்? அவர் தாயாருக்கு மட்டும் வேறு எதைப் பூசுவது?

அவள் தெருவில் குழாய் போடப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அடி மண்ணாகப் பார்த்து ஒரு கூடை கேட்டு வாங்கினாள். தண்ணீரில் கரைத்து, மணல் அடியில் தங்கியதும் கலங்கலை மட்டும் வேறு சட்டியில் வடித்தாள். இப்படியே மூன்று நாள். கடைசியில் வெண்ணெய் போலத் திரண்ட செம்மண்ணை நீர்த்த வஜ்ஜிரத்தில் குழைத்துப் பூசி, ஈரம் காயுமுன் கந்தைத் துணியால் ஒற்றி எடுத்தாள். அதுவரை அவள் செய்த வேலைகளிலேயே அதுதான் திருத்தமான வேலை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்கள். மாதாவுக்கும் அது பொருந்தும் என்று மாஸ்டர் திரும்பி வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

“இன்னாம்மா இது?”

“நீங்க சொன்ன பச்சை மண்ணுதான் மாஸ்டர்.”

அவர் அலமாரியைத் திறந்து பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். பாசி நிறத்துப் பொடி. பெர்னதெத் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திருவிழாக் கொடியேற்றத்துக்கு இருபதே நாள். வேறு துணி கிடையாது. கழுவினால் மண்ணோடு சுண்ணாம்பும் வந்துவிடும். இனி அந்த நாலு வீட்டுப் பாத்திரத்துக்கேதான் திரும்பிப் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

“மாஸ்டர், எம்மேல தப்பு. ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.”

மாஸ்டர் பிரஷ்ஷை எடுத்தார். வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள் குழைத்து, செம்மண் மேல் ஒரு நெற்றி, ஒரு மூக்குத் தண்டு, ஒரு கன்னத்து மேடு என்று மூன்றே இழுப்பு இழுத்தார். பின்னால் போய் நின்று பார்த்தார். நிழல் எல்லாம் ஏற்கெனவே அங்கே இருந்தது. அவர் வரையாமலே மண் வரைந்து வைத்திருந்தது.

“உக்காரும்மா,” என்றார். “சும்மா உக்காரு. அழுவாத.”

கொடியேற்றத்தன்று ஜனம் முண்டியடித்துக்கொண்டு வந்து பார்த்தது. காலண்டரில் இருக்கிற ரோஜாப்பூ மாதா இல்லை. குழாயடியில் குடத்தோடு நிற்கிற, வெயில் பட்ட முகம். சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். மாஸ்டர் பெர்னதெத்தைக் கூப்பிட்டு, அங்கியின் கீழே தெரிந்த வலது பாதத்தைக் காட்டினார்.

“இதுல நான் பிரஷ்ஷே வெக்கலம்மா. ஓரத்தை மட்டும் இழுத்து வுட்டேன். பாதம் நீங்க பூசினது.”

அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதன் பிறகு பதினாலு வருஷம் மாஸ்டர் படம் எதுவும் அவள் மண் பூசாமல் தொடங்கியதில்லை. பாத்திரம் தேய்க்க அவள் போகவே இல்லை.

ஒரே ஒரு தொல்லை. மாதாவின் காலைத் தொட்டு முத்தமிடாமல் யார் போகிறார்கள்? வருஷத்துக்குள் பாதம் தேய்ந்து சுண்ணாம்பு எட்டிப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு திருவிழாவுக்கும் முந்தின நாள் பெர்னதெத் சின்னச் சட்டியோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். எல்லாரும் ஏதாவது கேட்கிற இடத்தில் அவள் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. “தோத்திரம் தாயே” என்று சொல்லிச் சொல்லிப் பூசுவாள்.

அறுபத்தைந்தாம் வருஷம் பாடகர் குழுவில் புதிதாகச் சேர்ந்த டோரீன் எட்டிப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, மாதா காலுக்கு இன்னா பூசறீங்க?”

“பச்சை மண்ணு.”

“பச்சையா? செவப்பா இல்ல இருக்குது!”

பெர்னதெத் விரலைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “இந்தக் கேள்விய அன்னைக்கு நான் கேக்கல பாரு, அதான்மா இன்னிக்கும் சோறு போடுது.”