இரண்டு மணிப் படம்

எங்கள் வார்டில் அவரைக் கிளிக் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கை அறுவைப் பிரிவில் பத்தொன்பது வருட நர்ஸ். ஒட்டிய விரல், தையல் பிரித்த விரல், எதுவானாலும் மணிக்கணக்குப்படி படம் எடுத்து டாக்டரின் போனுக்கு அனுப்புவது அக்காவின் வேலை. டாக்டர் பக்கத்துக் கட்டடத்தில் புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஓடி வருவதா வேண்டாமா என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். பிறந்தநாள் வீட்டில் கேமராவைக் கொடுத்தாலும் அக்கா கேக் வெட்டும் கையைத்தான் எடுப்பார். "எங்கம்மா எடுத்தா மூஞ்சி விழாது, விரல்தான் விழும்" என்று மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

பழைய கேமரா கண்ணை மூடியதும், புதிதாக ஒரு டிஎஸ்எல்ஆர் ஒரு வாரச் சோதனைக்கு வந்தது. கற்றுக்குட்டிகளுக்கான மாடல், பின்னால் தொடுதிரை. கூடவே இருபத்திரண்டு கேள்விகளோடு ஒரு படிவம். பிடிக்க வாகாக இருக்கிறதா, கையுறையோடு திரை வேலை செய்கிறதா, படம் திருப்தியா என்று போகும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி கொள்முதல் அதிகாரி காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டார். கேமராவை அவர் வீட்டுக்கா எடுத்துப் போகப்போகிறார்? அப்படி ஒரு அவசரம் அந்த மனிதருக்கு.

அக்காவுக்கோ திரையைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. பொத்தான் இடுக்கில் ரத்தக்கறை தேங்காது, ஒரு துடைப்பில் சுத்தம். விரலைக் காட்டித் தொட்டால் அங்கேயே ஃபோகஸ் ஆகிப் படமும் விழுந்துவிடும். "இத்தனை வருஷம் இது இல்லாம என்னடி பண்ணேன்!" என்று என்னிடம் கேட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஆறாம் கட்டிலில் ஒரு கட்டிங் மாஸ்டர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி அறுக்கும் மெஷின் அவருடைய வலது கட்டை விரலை எடுத்துவிட்டது. முந்தின நாள் டாக்டர் ஒன்பது மணி நேரம் நின்று அதை ஒட்டியிருந்தார். அது ஒட்டி நின்றால் கத்தரிக்கோல் பிடிப்பார். நிற்காவிட்டால் அந்த வீட்டின் அடிமடியிலேயே கை வைத்த மாதிரிதான். அவர் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தக் கட்டுப் போட்ட கையைத் தொடவும் பயந்து, போர்வையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்கு அக்கா படம் எடுத்தார். டாக்டரிடமிருந்து உடனே பதில்: "நல்லா இருக்கு. சாயங்காலம் வரேன்." மாஸ்டரின் மனைவிக்கும் திரையைக் காட்டினார். ரோஜா நிறத்தில் விரல். அவள் கும்பிட்டாள்.

மூன்று மணிக்கு விரலின் சூடு பார்ப்பது என் முறை. தொட்டுப் பார்த்தேன். விரல் ஜில்லென்றிருந்தது. நகத்தைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது.

"அக்கா, இங்க வாங்களேன்."

அக்கா வந்து பார்த்தார். கேமராவை எடுத்து இரண்டு மணிப் படத்தை விரலுக்குப் பக்கத்தில் பிடித்தார். படத்தில் ரோஜா, கட்டிலில் ஊதா.

"ஒரு மணி நேரத்துல இவ்வளவா மாறும்?" என்றேன்.

அக்கா படத்தில் விரலுக்கு அடியில் கிடந்த பஞ்சுத் துணியையே பார்த்தார். நிஜத்தில் அது வெள்ளை வெளேரென்று இருந்தது. படத்தில் பழுப்பு மஞ்சள். திரையின் ஓரத்தைப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்துக்கான சின்னம் இருக்க வேண்டிய இடத்தில், நிழலில் எடுப்பதற்கான வீட்டுச் சின்னம் இருந்தது. கையுறை விரல் எப்போதோ பட்டு மாறியிருக்கிறது. அந்த அமைப்பு எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூசிவிடும். நீலத்தை அது தின்றுவிட்டது.

திரையை விரலால் ஒரு தள்ளுத் தள்ளினார். அதற்கு முந்தின படம் வந்தது. ஒன்று ஐம்பத்தெட்டுக்கு எடுத்தது. அதில் விரல் நீலம்.

"இதைத்தான் முதல்ல எடுத்தேன்" என்றார். "நிறம் மங்கலா விழுந்திருக்கு, புதுக் கேமரா, கை பழகலைன்னு நினைச்சேன். திரையைத் தொட்டு மறுபடி எடுத்தேன். அழகா வந்துச்சு. அனுப்பிட்டேன். பாவி, விரலைத் திரும்பிப் பார்க்கலையே!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் வாய் ஓடியது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். "அக்கா, அதை அழிச்சிடுங்க. இப்ப ஒண்ணு எடுத்து அனுப்புங்க, போதும். இப்பதான் மாறிச்சுன்னு இருக்கட்டும். யாருக்குத் தெரியப்போகுது?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அமைப்பைச் சரிசெய்து புதுப் படம் எடுத்தார். பிறகு அந்த முதல் படத்தையும் புதுப் படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டு, டாக்டரைக் கூப்பிட்டார். போனை அக்கா ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"இப்பதான் மாறுச்சா சிஸ்டர்? அப்படின்னா கட்டைத் தளர்த்தி, கையை உயர்த்தி வைங்க. அரை மணி நேரம் பார்ப்போம்."

"இல்ல டாக்டர். ரெண்டு மணிக்கு முன்னாடியே இப்படித்தான். நான் அனுப்பின படம் தப்பு. முதல் படம்தான் சரி. அதை நான் ஒதுக்கிட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளும் சத்தம் கேட்டது.

"ஒரு மணி நேரம் போச்சே, சிஸ்டர்!" என்று கத்தினார். "தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லுங்க. இதோ வரேன்."

கட்டிலை நாங்களே தள்ளிக்கொண்டு ஓடினோம். மனைவி பின்னாலேயே வந்தாள். "நல்லா இருக்குன்னீங்களே சிஸ்டர், நீங்கதானே காட்டினீங்க?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். "நான்தாம்மா தப்பா காட்டினேன்" என்றார் அக்கா. கதவு மூடியது.

நாலு மணிக்கு அதிகாரி படிவம் கேட்டு நேரிலேயே வந்துவிட்டார். தியேட்டர் வாசலில் நின்றபடியே அக்கா எழுதினார். எல்லாக் கேள்விக்கும் 'நன்று' என்று குறித்துவிட்டு, கீழே ஒரு வரி: 'எடுத்தவர் விரலைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார்.'

"இதுக்கு இங்க இடமே இல்லையேம்மா" என்றார் அவர்.

"அப்ப ஓரத்துல இருக்கட்டும்" என்றார் அக்கா.

ஆறரை மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். அடைத்திருந்த ரத்தக்குழாயைத் திறந்து மறுபடி தைத்ததாகவும் விடியும்வரை எதுவும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அக்காவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் காலை நான் பணிக்கு வந்தபோது கேமரா மேசைமேல் மூடியோடு கிடந்தது. அக்கா மாஸ்டரின் மனைவி கையைப் பிடித்து அந்த விரல் நுனிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அவள் மாட்டேன் என்று பின்னுக்கு இழுத்தாள்.

"என் பேச்சை நம்ப வேண்டாம்மா. நீயே தொட்டுப் பாரு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாள்.

"சுடுது சிஸ்டர்" என்றாள். அக்கா அப்போதுதான் அழுதார்.