பச்சையம்மாள் வாய் திறந்தது

கண்ணாடிக் குழாயின் கழுத்தைத் துணிக் கிழிசலால் பிடித்து, ஸ்பிரிட் விளக்கின் மேல் லேசாக ஆட்டிக்கொண்டிருக்கிறாள் பச்சையம்மாள். குழாயில் நீல மருந்து. அதில் சில சொட்டு மூத்திரம். கொதி வந்ததும் நீலம் கலங்கிப் பச்சையாகும், சில காலைகளில் மஞ்சளுக்கும் போகும். சர்க்கரை ஏற ஏற நிறம் சிவக்கும். தையல்காரி ஆகையால் நிறங்களுக்கு ஜாக்கெட் துணிகளின் பெயர்களை வைத்திருக்கிறாள். "இன்னிக்கி கிளிப்பச்சண்ணே, தேவல" என்று என்னிடம் சொல்வாள். "நேத்து மாம்பழ மஞ்சளு. கல்யாண வூட்ல சோறு கொஞ்சம் ஜாஸ்தியாப் பூடுச்சு."

அதன் பிறகுதான் அடுப்பு. ஈர மணல் நிரப்பிய பானைக்குள் இன்சுலின் குப்பி குளிர்ந்து கிடக்கும். தொடையில் ஊசியைக் குத்திக்கொண்ட கையாலேயே மிஷினில் நூல் கோப்பாள்.

நைனார்பாளையத்தில் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்பதை முதலில் அறிவது அவளுடைய அளவு நாடாதான். போன மாதம் தைத்த ஜாக்கெட்டில் கொக்கி மாட்டவில்லை என்று வந்து நிற்பார்கள். ஓரத்தைப் பிரித்து விட்டுக் கொடுப்பாள். ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். மூன்று மாதம் நிறையும்வரை வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் கண் பட்டுத் தங்காது என்பது அங்கே வழக்கம். அவளும் இரண்டு முறை அப்படித்தான் வாயைக் கட்டினாள். இரண்டும் தங்கவில்லை.

இரண்டாவது கலைந்தபோது கள்ளக்குறிச்சி டாக்டரம்மா கோபப்பட்டார். "மூணு மாசம் ஒளிச்சு வச்சுட்டு வந்தா நான் என்னம்மா பண்றது? நாள் தள்ளின கொஞ்ச வாரத்துலயே புள்ளைக்கு நெஞ்சு, முதுகுத்தண்டு எல்லாம் உருவாக ஆரம்பிச்சுடும். உன் ரத்தத்துல இருக்கிறதுதான் அதுக்கும் போவுது. அதுல சக்கரை மிஞ்சினா உருவாகும்போதே கெட்டுடும். அடுத்த வாட்டி நாள் தள்ளின வாரமே வா. கட்டுல வச்சா நல்லாப் பொறக்கும்."

பச்சையம்மாள் அதைத் தன் பாஷைக்கு மாற்றிக்கொண்டாள். "பாவுல ஊறுன ஜாங்கிரி கணக்கா கெடக்கும்ணே. பாவம், அதுக்கு இன்னா தெரியும்?"

இந்த எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம். சாலைகளிலெல்லாம் மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். அவள் புருஷன் தெய்வசிகாமணி உளுந்தூர்பேட்டைப் பக்கம் மறியலுக்குப் போயிருந்தான். அந்த வாரம்தான் அவளுக்கு நாள் தள்ளியது. குழாயோ செங்கல் நிறம் காட்டியது. ஊசி மருந்தின் அளவை டாக்டரம்மாதான் மாற்றித் தர வேண்டும். பஸ் இல்லை.

மாமியார் சாலம்மாளும் அவளும் கிளம்பினார்கள். சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரன் நான். பச்சையம்மாளைச் சைக்கிள் காரியரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். "தல சுத்துதா? மயக்கமா வருதா?" என்று மைலுக்கு நாலு தரம் கேட்டேன்.

"நீங்க கேட்டுக்கினே வர்றதுலதாண்ணே சுத்துது" என்றாள்.

வண்டியே இல்லாத தார்ச்சாலை, வெயிலில் ஆறுபோல நெளிந்தது. யாராவது ஊதினால் கலைந்துவிடும் போலக் கல்வராயன் மலை தூரத்தில் நீலமாக மிதந்தது. நாங்கள் நடப்பதாகவே தோன்றவில்லை. சாலைதான் எங்களுக்கு அடியில் மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அது ஒரு புளியமரத்தில் முட்டி நின்றது. காக்கைக் கூடுகளோடு, இலைகூட வாடாமல், குறுக்கே படுத்திருந்தது மரம். பக்கத்தில் பத்துப் பதினைந்து ஆண்கள்.

"எங்க ஆயா போறீங்க? யாரையும் வுடக் கூடாதுன்னு பேச்சு" என்றார் தலையில் துண்டு கட்டியிருந்தவர்.

"இவளுக்கு வவுத்து வலிப்பா" என்ற சாலம்மாள், மருமகளின் முழங்கையைக் கிள்ளினாள்.

"ஓமத்தண்ணி குடுத்து வூட்ல படுக்கப் போடு. அதுக்குக் கள்ளக்குறிச்சிக்கா போவாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். பச்சையம்மாள் காரியரிலிருந்து இறங்கினாள்.

"வவுத்து வலி இல்லீங்க. எனக்கு நாள் தள்ளிக் கெடக்குது. ஒடம்புல சக்கரை ஏறிக்கினு இருக்குது. இன்னிக்கே போனாத்தான் புள்ள தங்கும்."

சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். துண்டு கட்டியவர் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார். "பாத்து ஏறும்மா" என்று மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

சாலம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். பச்சையம்மாள் புடவையைத் தூக்கிச் செருகி, கிளைகளுக்கு நடுவே ஏறி, அடிமரத்தின் மேல் ஒரு கணம் நிமிர்ந்து நின்றாள். பிறகு, அந்தப் பக்கம் இறங்காமல், குனிந்து, மாமியாரை நோக்கிக் கையை நீட்டினாள்.