எஸ்கில் எரித்த எல்லை

எஸ்கிலுக்குக் காடு என்றால் இன்னும் எரிக்காத வயல். அமெரிக்காவின் டெலவேர் ஆற்றங்கரையில் குடியேறிய சுவீடன்காரர்கள் எல்லோருமே மரத்தைச் சாய்த்து, காயவிட்டு, தீ வைத்து, சாம்பலில் ரை என்னும் ரொட்டித் தானியம் விதைப்பவர்கள்தான். எஸ்கிலோ அந்தச் சாம்பலை அள்ளி முகர்ந்து சிரிப்பான்; வேறு எதற்கும் அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவனிடம் இருந்தவை ஒரு மரவீடு, சரிவில் கொஞ்சம் ரை, ஓடையோரம் ஒரு புல்வெளி. அந்தப் புல்தான் குளிர்காலத்தில் அவன் பசுக்களுக்கு உயிர்.

ஒரு கோடையில் அவன் தீ வைத்தபோது காற்றுத் திசை மாறி, பத்திரத்தில் பக்கத்து நிலத்துக்கு எல்லையாக எழுதியிருந்த ஓக் மரமும் எரிந்துபோனது. எஸ்கில் அடிக்கட்டையைத் தோண்டி எறிந்துவிட்டு அங்கும் விதைத்தான். விளைச்சல் நன்றாகவே இருந்தது.

பிறகு இங்கிலாந்துக்காரர்களின் ஆட்சி வந்தது. எங்கள் பேச்சு தெரிந்த நில அளவைக்காரர் ஒருவர் சங்கிலியோடு வந்தார்.

"மரம் எங்கே?"

"தின்னுட்டோம் ஐயா, ரொட்டியா" என்றாள் எஸ்கிலின் மனைவி எலின்.

பக்கத்து நிலத்து ஸ்டாஃபன் முந்திக்கொண்டான். "மரம் புல்வெளிக்கு எஸ்கில் வீட்டுப் பக்கம்தாங்க நின்னுச்சு. புல்லெல்லாம் என்னோடது."

"டேய், வாய் கூசலியா உனக்கு?" என்றான் எஸ்கில்.

"மரத்த எரிச்சவர் பேச்சு எடுபடாது. பக்கத்து நிலக்காரர் சொல்றதத்தான் திங்கக்கிழமை எழுதுவேன்" என்றார் அளவைக்காரர்.

அன்று சனிக்கிழமை, எங்கள் குளியல் நாள். எலின் வாதாடவில்லை; ஆவிக் குளியல் குடிசையில் கல்லைச் சூடாக்கி எல்லோரையும் அழைத்தாள். அந்தக் கல்லின் முன் யாரும் பொய் சொல்வதில்லை. விதி யார் வகுத்ததோ தெரியாது. தேவாலயத்தில் பொய் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன், அங்கே பார்த்ததில்லை.

ஸ்டாஃபனின் குளியல் குடிசை போன வருடமே எரிந்துவிட்டதால் அவனும் வந்தான். நாங்கள் பலகையில் அமர்ந்ததும், கதவுக்கு வெளியே எலினின் குரல் கேட்டது.

"ஸ்டாஃபன், மரம் எங்கய்யா நின்னுச்சு?"

அவன் அளவைக்காரர் பக்கம் திரும்பினான். "முதுகு தேய்க்கட்டுமாங்க?"

"முதுகு இருக்கட்டும். மரம்?" என்றாள் எலின்.

"வெளிய வந்து சொல்றேனே."

"வெளியதான் ஏற்கெனவே சொல்லிட்டியே!" என்று எஸ்கில் கல்லில் தண்ணீர் ஊற்றினான். ஆவி சீறியது. எஸ்கில் மறுபடி ஊற்றினான்.

அளவைக்காரர் வெந்த நண்டாகச் சிவந்திருந்தார். "சொல்லித் தொலைங்கய்யா, செத்துடுவேன்!"

"புல்வெளிக்கு என் வீட்டுப் பக்கம்" என்றான் ஸ்டாஃபன், தன் கால்விரல்களிடம். "புல்லு இவனோடது."

"புல்வெளி எஸ்கிலுக்கு!" என்று கத்திக்கொண்டே அளவைக்காரர் ஓடையை நோக்கி ஓடினார்.

ஸ்டாஃபன் பலகையில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துடா. நிம்மதியாக் குளிக்கலாம்."