கற்பனை நாட்டுக்குத் துப்பாக்கி

என் அக்கா தையல்காரி. அவள் மகனைக் கடைத்தெருவில் சுட்டுக் கொன்ற துப்பாக்கி வெளிநாட்டிலிருந்து வந்தது. அதன்பிறகு ஆயுத வியாபாரச் சட்டம் பற்றி எங்கே பயிற்சி நடந்தாலும் பொதுமக்கள் சார்பில் போய்விடுவாள். துணைக்கு நான்.

இம்முறை அக்காவை அதிகாரிகளோடு உட்காரவைத்து, ஒரு கற்பனை நாட்டுக்குத் துப்பாக்கி விற்க அனுமதிக்கலாமா என்று ஒருமனதாக முடிவெடுக்கச் சொன்னார்கள். அங்கே போலீஸ் மக்களைச் சுடுகிறது என்றும் சொல்லியிருந்தார்கள். அக்கா மட்டும் கூடாது என்றாள்.

"பேப்பரெல்லாம் சரியா இருக்கு. சும்மா பயிற்சிதானேக்கா, கையைத் தூக்குங்க. சாப்பாடு ஆறுது," என்றார் சுங்க அதிகாரி.

"ஆறட்டும் தம்பி."

நேரம் முடிந்ததும், பெரும்பான்மைப்படி அனுமதி என்று பயிற்சியாளர் அறிவித்தார். கைதட்டினார்கள்.

அக்கா என் தோளில் சாய்ந்தாள். "விளையாட்டுலகூட என்னால நிறுத்த முடியலடி."