துணிப் புத்தகத்தில் நின்ற பிறை

நான் வேலை பார்க்கும் வேலம்பாளையம் கம்பெனிக்குக் குழந்தைகளின் துணிப் புத்தக ஆர்டர் ஒன்று வந்தபோது, மெர்ச்சண்டைசர் என்ற முறையில் அதை என் பொறுப்பில் விட்டார்கள். வழக்கமாக நாங்கள் தைப்பது பனியனும் சின்னப் பிள்ளைகளின் உடுப்பும்தான். இது எட்டுப் பக்கம். பருத்தித் துணியில் அச்சடித்து, உள்ளே மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்து ஓரம் தைத்துவிட்டால் புத்தகம். குழந்தை கடித்தாலும் கிழியாது, துவைத்தும் கொள்ளலாம். சூரியன், பூமி, மலை, எரிமலை, கடல், மழை, பனி, நிலா என்று பக்கத்துக்கு ஒரு படமும், அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரியும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரியில் இயற்பியல் படித்தேன். அதைச் சொல்வதில் எனக்கு எப்போதும் ஒரு நிமிர்வு உண்டு. ஆனால் அந்தப் படிப்புக்கு இங்கே வேலை இல்லை. பட்டன் அளவும் பாலிபேக் அளவுமாக நாள் போய்விடும். இந்தப் படங்களைக் கணினியில் திறந்தபோது, யாரோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது.

ஆர்டர் முடிந்தபோது வெள்ளைத் துணி கொஞ்சம் மிச்சமானது. கம்பெனியின் கீழ்த்தளத்தில், வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் இருக்கிறது. என் அக்காவின் மூன்று வயது மகளும் அங்கேதான் இருந்தாள். நான் முதலாளியிடம் போனேன்.

“சார், மிச்சத் துணியில நம்ம காப்பகத்துப் பிள்ளைங்களுக்கு இதையே தமிழ்ல அடிச்சுக் கொடுக்கலாமா?”

“அடிக்கலாமே அம்மிணி. எழுதறது ஆருங்க?”

“நான் எழுதுறேன் சார்.”

“எழுதுங்க, எழுதுங்க. நாளைக்குப் புள்ளைக எரிமலைன்னா என்னன்னு கேட்டா மட்டும் எங்கிட்ட அனுப்பீராதீங்க. நாம்பாத்த மலையெல்லாம் சென்னிமலையோட சரி.”

எட்டு வரிகளை எழுதவும் அடிக்கவும் திருத்தவும் பல மாலைகள் ஆயின. எரிமலைக்கு, ‘மண்ணுக்கு அடியில் பாறை கொதிக்கிறது. வழி கிடைத்தால் வெளியே வரும்’ என்று எழுதினேன். இன்றும் அது எனக்குப் பிடித்த வரி.

நிலாவில்தான் நின்றுவிட்டேன். படத்தில் பிறை நிமிர்ந்து நின்றது. நம் ஊர் வானத்தில் அது பெரும்பாலும் படகுபோல மல்லாந்து படுத்திருக்கும். நாம் பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், படம் வரைந்தவர் வெகு வடக்கே இருக்கிறார். நிலா ஒன்றுதான், பார்க்கிற இடம் வேறு. ஆனால் எங்கள் பிள்ளைகள் பார்க்கப்போவது எங்கள் வானத்தை அல்லவா?

அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு ஸ்கிரீன், அதாவது சாயம் இறங்கும் வலைச் சட்டம், வேண்டும். எழுத்து கறுப்பு. அதை மட்டும் தமிழில் செய்தால் மற்றவை பழையதே போதும். நிலாவைச் சாய்ப்பதென்றால் மஞ்சளும் கருநீலமும்கூடப் புதிதாகச் செய்யவேண்டும்.

“நெலா நெலாவாட்டந்தானுங்க இருக்குது?” என்றார் முதலாளி.

“நம்ம ஊர்ல இப்படித் தெரியாது சார். பிள்ளைங்க வெளிய வந்து பாத்தா புத்தகம் பொய்யாயிடும்.”

“ஞாயந்தானுங்க. ஆனா கேளுங்க. சனிக்கெழம பிரிண்டிங் டேபிள் சும்மா கெடக்குது. கறுப்பு ஒண்ணுன்னா அன்னிக்கே அடிச்சுப் போடலாம். மூணு ஸ்கிரீனுன்னா அடுத்த ஆர்டர் முடியோணும். எப்படிப் பண்ணலாம், நீங்களே சொல்லுங்க கண்ணு.”

“காத்திருக்கலாம் சார்” என்றேன். படித்த பெண் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று அவர் கணக்குப் பிள்ளையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அன்று முழுவதும் தரையில் கால் பாவவில்லை.

அதே கம்பெனியில் செக்கிங்கில் இருக்கும் அம்மாவுக்குச் செய்தி அதற்குள் போய்விட்டிருந்தது. பஸ்ஸில் ஏறியதும் தொடங்கினாள். தெற்கேயிருந்து வந்து இத்தனை வருடமாகியும் அவள் பேச்சு மாறவில்லை.

“ஏட்டி, அவரு இப்பவே தாரேங்காரு, நீ வேண்டாங்குத. பிள்ளைய என்ன நிலாவுக்கு டிக்கெட்டா எடுக்கப் போவுது?”

“தப்பா இருக்கும்மா.”

“ஆமா, பெரிய தப்பு. வானத்தையே இவதான் தச்சு விட்டா.”

பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த ஆர்டர் அவசரமாக வந்தது, அதன் பின்னாலேயே இன்னொன்று. வழக்கம்போலப் பழைய ஸ்கிரீன்களைக் கழுவி வேறு டிசைனுக்கு எடுத்துக்கொண்டார்கள். மிச்சத் துணி கழிவு மூட்டைகளோடு வண்டியேறியது. யாரும் ஏமாற்றவில்லை. எனக்கும் இரண்டு ஷிப்மெண்ட் தலைக்கு மேல் இருந்தது. வண்டி போன பிறகுதான் தெரியும்.

தையல் கோணி ஒதுக்கிவைத்த ஆங்கிலப் பிரதிகள் சிலவற்றை யாரோ காப்பகத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஆக, எங்கள் காப்பகத்துப் பிள்ளைகளுக்கு நிமிர்ந்த நிலாதான் கிடைத்தது, தமிழ்தான் கிடைக்கவில்லை. பனிப் பக்கத்தைக் காட்டி அக்கா மகள், “பஞ்சு பறக்குது. மாஸ்க் போடணும்” என்றாள். துணி பின்னும் நிட்டிங் ஹாலைத் தவிர வேறெங்கும் வெள்ளையாக எதுவும் பறந்து அவள் பார்த்ததில்லை. அது பனி என்று சொல்லிப் பார்த்தேன். மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு பஞ்சு, பஞ்சு என்று கத்தினார்கள்.

நிலாவைப் பற்றி நான் சொன்னது சரி. இன்றும் யார் கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குத் தலையாட்டியிருந்தால், ஏழு பக்கம் சரியாகவும் ஒரு பக்கம் சாய்வு தப்பியும் ஒரு புத்தகம் இருந்திருக்கும். அந்தத் தப்பைக் காட்டியே பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய் வானத்தைப் பார்க்க வைத்திருக்கலாம். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. சரியாக இருக்கவேண்டும் என்பது மட்டுமே தோன்றியது.

இந்த வருடம் அக்கா மகள் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். கோணல் பிரதி ஒன்று வீட்டுக்கு வந்திருக்கிறது. போன வாரம் அதை என் மடியில் விரித்து, எரிமலைக்குக் கீழே இருந்த ஆங்கில எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

“சித்தி, இங்க என்ன போட்டிருக்கு?”

என் வரியைச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

“நல்லாருக்கு. இது நீ எழுதுனதா?”

அவள் விரல் இன்னும் அந்த ஆங்கில எழுத்தின்மேலேயே இருந்தது; அது என்னுடையது அல்ல. இல்லை என்றேன்.